வேர்ட்பிரஸ் தளம் கூகுளில் வரவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

'சைட் கூகுள்ல வரல' என்ற ஒரே புகாருக்குள் நான்கு வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கலாம். கூகுளுக்காகத் தளங்களைப் படிக்கும் நிரலான கூகுள்பாட்டால் பக்கத்துக்குள் நுழையவே முடியவில்லை. நுழைந்தது, ஆனால் கூகுளின் தேடல் பட்டியலான இண்டெக்ஸில் சேர்க்கவில்லை. சேர்த்தது, ஆனால் ஐந்தாம் பக்கத்தில் கிடக்கிறது. முதல் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் யாரும் கிளிக் செய்வதில்லை. முதல் இரண்டில் மாட்டிக்கொண்ட தளத்துக்குக் கீவேர்டை மாற்றுவதும், எஸ்இஓ (தேடலில் முன்னே வரவைக்கும் வேலை) பிளகினில் பச்சை விளக்கு எரியும்வரை பதிவைத் திருத்துவதும் வெட்டி வேலை. அந்த விளக்கைக் கூகுள் பார்ப்பதே இல்லை. அது பிளகின் தானே போட்டுக்கொள்ளும் மதிப்பெண்.

அதனால் எதையும் தொடுவதற்கு முன் தளம் கூகுளில் எப்படி இருக்கிறது என்று காட்டும் கருவியான கூகுள் சர்ச் கன்சோலைத் திறங்கள். இன்னும் தளத்தைச் சேர்க்கவில்லை என்றால் 'டொமைன்' வகையில் சேர்ப்பது நல்லது. டொமைனின் டிஎன்எஸ் அமைப்பில், கன்சோல் தரும் டிஎக்ஸ்டி என்ற ஒரு வரியைப் போட்டால் போதும். டபிள்யூடபிள்யூடபிள்யூ உள்ளது, இல்லாதது, எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் என எல்லா வடிவங்களும் ஒரே கணக்கில் வந்துவிடும். பிறகு, சிக்கல் உள்ள பக்கத்தின் முகவரியை மேலே உள்ள யூஆர்எல் இன்ஸ்பெக்ஷன் பெட்டியில் ஒட்டிப் பாருங்கள். அங்கே கிடைக்கும் பதில்தான் கீழே எந்தப் பகுதியைப் படிப்பது என்று சொல்லும். 'சைட்' என்று போட்டு முக்காற்புள்ளியும் டொமைனும் சேர்த்துத் தேடுவது தோராயக் கணக்குக்கு உதவும். அது காட்டும் எண்ணிக்கையை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

அறிகுறி: தளத்தின் ஒரு பக்கம்கூட வரவில்லை

டாஷ்போர்டில் செட்டிங்ஸ், அதற்குள் ரீடிங். அடியில் 'டிஸ்கரேஜ் சர்ச் எஞ்சின்ஸ்', அதாவது தேடுபொறிகளை வரவேண்டாம் என்று சொல்லும் ஒரு டிக். தளத்தைக் கட்டும்போது போட்டுவிட்டு, திறப்பு விழா அன்று எடுக்க மறந்துபோவது இதைத்தான். சோதனைக்கான ஸ்டேஜிங் நகலிலிருந்து அப்படியே லைவுக்கு மாற்றும்போதும் இந்த டிக் கூடவே வந்துவிடும்.

இதில் பலரை ஏமாற்றும் ஒரு விஷயம் உண்டு. 2019இல் வந்த 5.3 பதிப்புக்கு முன்பு, இந்த டிக், பாட்கள் எங்கே வரலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் தளம் முழுவதையும் தடுக்கும் வரியைச் சேர்க்கும். 5.3 முதல் அது ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பகுதியிலும் 'இண்டெக்ஸில் சேர்க்காதே' என்று சொல்லும் நோஇண்டெக்ஸ் என்ற மெட்டா டேகைப் போடுகிறது. ரோபாட்ஸ் கோப்பு திறந்தே இருக்கும். ரோபாட்ஸ் கோப்பை மட்டும் பார்த்துவிட்டு 'தடை எதுவும் இல்லை' என்று சொல்பவர் பழைய பாடத்தை ஒப்பிக்கிறார். பக்கத்தின் சோர்ஸைத் திறந்து நோஇண்டெக்ஸ் என்ற சொல்லைத் தேடுங்கள். இன்னொரு தடயமும் உண்டு: டிக் போட்டிருக்கும்வரை வேர்ட்பிரஸ் தானே உருவாக்கும் பக்கப் பட்டியலான சைட்மேப்பின் முகவரி (டபிள்யூபி-சைட்மேப்) 404, அதாவது 'பக்கம் இல்லை' என்று காட்டும்.

டிக்கை எடுத்தும் சோர்ஸில் நோஇண்டெக்ஸ் போகவில்லை என்றால் இந்த வரிசையில் தேடுங்கள்:

1. கேச் பிளகினையும் சிடிஎன் (பல ஊர் சர்வர்களிலிருந்து பக்கத்தைக் கொடுக்கும் சேவை) கேச்சையும் முழுதாகக் காலி செய்யுங்கள். பழைய எச்டிஎம்எல் நகலே இன்னும் போய்க்கொண்டிருக்கலாம்.
2. எஸ்இஓ பிளகினில் பதிவு, பக்கம், கேட்டகரி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இண்டெக்ஸ் சுவிட்ச் இருக்கும். ஒன்றுவிடாமல் பாருங்கள். இரண்டு எஸ்இஓ பிளகின்கள் ஓடினால் ஒன்றை நிறுத்துங்கள்.
3. சோர்ஸில் இல்லை, ஆனால் கன்சோல் மட்டும் நோஇண்டெக்ஸ் என்கிறதா? அது பக்கத்தோடு சர்வர் அனுப்பும் எச்டிடிபி ஹெடரில் இருக்கும். உலாவியில் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் தாவலில் முதல் வரியின் ரெஸ்பான்ஸ் ஹெடரில் எக்ஸ்-ரோபாட்ஸ்-டேக் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது சர்வர் அமைப்பிலிருந்தோ எச்டிஅக்சஸ் என்ற விதிக் கோப்பிலிருந்தோ வருகிறது.

நோஇண்டெக்ஸே இல்லை, யூஆர்எல் இன்ஸ்பெக்ஷனில் உள்ள 'லைவ் டெஸ்ட்' மட்டும் 403 (அனுமதி மறுப்பு) காட்டுகிறது என்றால் ஃபயர்வால் கூகுள்பாட்டை விரட்டுகிறது. செக்யூரிட்டி பிளகின், ஹோஸ்டிங்கின் பாட் தடுப்பு, சிடிஎன் விதி மூன்றையும் பாருங்கள். வெளிநாட்டு ஐபிகளை மொத்தமாகத் தடுத்துவைத்த தளங்களில் இது அடிக்கடி நடக்கும். கூகுள்பாட் பெரும்பாலும் அமெரிக்க ஐபியிலிருந்துதான் வருகிறது.

ரோபாட்ஸ் கோப்பை எத்தனை முறை திருத்தினாலும் மாறவில்லையா? வேர்ட்பிரஸ் காட்டுவது கோப்பே இல்லாத ஒரு தோற்றம். கேட்கும்போது உருவாக்கித் தருகிறது. ரூட் ஃபோல்டரில் அதே பெயரில் உண்மையான கோப்பு ஒன்று கிடந்தால் சர்வர் அதைத்தான் நீட்டும், பிளகினில் எழுதியது எடுபடாது. கோப்பை நீக்குங்கள், அல்லது அதிலேயே திருத்துங்கள். கூகுள் இந்தக் கோப்பைப் பொதுவாக 24 மணி நேரம்வரை கேச்சில் வைத்திருக்கும் என்பதால் உடனே மாற்றம் தெரியாது.

கூகுளிலிருந்து ஒரு பக்கத்தை எடுக்க நினைத்து நோஇண்டெக்ஸும் போட்டு, ரோபாட்ஸிலும் தடுத்தால் வேலை கெடும். உள்ளே வர முடியாத பாட் நோஇண்டெக்ஸை எப்படிப் படிக்கும்? கன்சோலில் 'இண்டெக்ஸ்டு, தோ பிளாக்டு பை ரோபாட்ஸ்' என்று வருவது இதனால்தான். தடையை நீக்கி, நோஇண்டெக்ஸை மட்டும் விட்டுவைத்து, பக்கம் இண்டெக்ஸிலிருந்து விழுந்த பிறகு தேவையானால் தடுங்கள்.

அறிகுறி: முகப்பு வருகிறது, பதிவுகள் வரவில்லை

கன்சோலில் 'பேஜஸ்' அறிக்கையைத் திறந்தால் இரண்டு வரிகள் ஒரே மாதிரித் தெரியும். இரண்டுக்கும் மருந்து வேறு.

'டிஸ்கவர்ட், கரண்ட்லி நாட் இண்டெக்ஸ்டு' என்றால் முகவரி கூகுளுக்குத் தெரியும், இன்னும் வந்து படிக்கவில்லை. சிறிய தளத்தில் இதற்குக் காரணம் பெரும்பாலும் மெதுவான சர்வர், அல்லது பயனற்ற முகவரிகளின் கூட்டம். கன்சோலின் செட்டிங்ஸில் 'கிரால் ஸ்டாட்ஸ்' (பாட் வந்துபோன கணக்கு) அறிக்கையைப் பாருங்கள். சராசரி பதில் நேரம் ஒரு நொடியைத் தாண்டி ஓடினால் முதலில் பேஜ் கேச் போடுங்கள், ஹோஸ்டிங்கைக் கவனியுங்கள். அதே அறிக்கையில் பாட் எந்த முகவரிகளைப் படித்தது என்ற மாதிரிப் பட்டியல் இருக்கும். அதில் பாதி கேள்விக்குறி போட்ட ஃபில்டர் முகவரிகளும் காலண்டர் பக்கங்களும் என்றால், உங்கள் பதிவுகளுக்கு வரவேண்டிய முறை அங்கே போய்விட்டது.

'கிரால்டு, கரண்ட்லி நாட் இண்டெக்ஸ்டு' என்றால் வந்தது, படித்தது, வேண்டாமென்று விட்டது. அந்தப் பட்டியலை அப்படியே நம்பிப் பதறாமல் வகை பிரியுங்கள். ஃபீட் முகவரிகள், டேக் பக்கங்களின் இரண்டாம் மூன்றாம் பக்கங்கள் என்றால் விட்டுவிடலாம். உண்மையான பதிவுகள் இருந்தால்தான் வேலை.

அந்தப் பதிவுகளில் முதலில் பார்க்க வேண்டியது உள்ளிணைப்பு. புதுப் பதிவு போட்டதும் அது முகப்பில் நாலு நாள் நிற்கும். பிறகு பக்கம் பக்கமாகப் பின்னே தள்ளப்பட்டு, சைட்மேப்பைத் தவிர எங்கிருந்தும் இணைப்பில்லாமல் அநாதையாகக் கிடக்கும். தொடர்புடைய பழைய பதிவுகள் மூன்று நான்கைத் திறந்து, உரைக்குள்ளேயே பொருத்தமான சொற்களில் இணைப்புக் கொடுங்கள். 'இங்கே கிளிக் செய்யவும்' என்ற சொல்லில் கொடுத்தால் எதைப் பற்றிய பக்கம் என்று பாட்டுக்கும் தெரியாது, வாசகருக்கும் தெரியாது.

அடுத்தது டேக் வெறி. ஒரு பதிவுக்குப் பதினைந்து டேக், ஒவ்வொரு டேகிலும் அந்த ஒரே பதிவு. ஒவ்வொரு டேகும் தனிப் பக்கமாகிறது. 200 பதிவு உள்ள தளத்தில் 3000 டேக் பக்கங்கள் வந்துவிடும். மூன்றுக்கும் குறைவான பதிவு உள்ள டேகுகளை நீக்குங்கள் அல்லது ஒன்றாக இணையுங்கள். மீதியை எஸ்இஓ பிளகினில் நோஇண்டெக்ஸ் ஆக்கினாலும் குடி முழுகிவிடாது.

'ரெக்வெஸ்ட் இண்டெக்ஸிங்' பொத்தானுக்கு ஒரு நாளுக்கு இத்தனை முறை என்ற வரம்பு உண்டு. ஒரே முகவரியைத் திரும்பத் திரும்பக் கொடுப்பதால் வரிசையில் முன்னே போகாது. சைட்மேப் மாறியதைக் கூகுளுக்கு அறிவிக்கும் 'பிங்' என்ற பழைய வழியையும் கூகுள் 2023இல் மூடிவிட்டது. சைட்மேப்பில் பிரையாரிட்டி (முக்கியத்துவம்), சேஞ்ச்ஃப்ரீக் (மாறும் வேகம்) மதிப்புகளைக் கூகுள் கண்டுகொள்வதில்லை. கடைசித் திருத்த தேதி நேர்மையாக இருந்தால் அதை மட்டும் பயன்படுத்துகிறது.

அறிகுறி: தமிழ் முகவரி பாதியில் வெட்டுப்பட்டு வருகிறது

தமிழில் நீண்ட தலைப்பு வைக்கும் தளங்களில் இது உண்டு. ஆங்கில வழிகாட்டிகளில் இதைத் தேடினால் கிடைப்பது அரிது.

'தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் குரூப் 4 பாடத்திட்டம்' என்று தலைப்பிட்டுப் பதிவை வெளியிடுங்கள். முகவரியின் கடைசிப் பகுதியான ஸ்லக்கில் வந்து நிற்பது 'தமிழ்நாடு-அரசுப்-பணியாளர'. ர் மேலிருந்த புள்ளிகூட மிஞ்சவில்லை. காரணம் இதுதான். வேர்ட்பிரஸ் ஸ்லக்கைச் சேமிக்கும் டேட்டாபேஸ் பத்தியின் (நெடுவரிசையின்) நீளம் 200 குறிகள். தமிழின் ஒவ்வொரு யூனிகோடு குறியும் முகவரிக்காக மாற்றப்படும்போது சதவீதக் குறியோடு 9 குறிகளாக விரிகிறது. மெய்யின் புள்ளி, உயிர்மெய்யின் கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் குறிகள். எனவே 'டு' என்ற ஒரே எழுத்துக்கு 18 போய்விடும். கணக்குப் போட்டால் 22 யூனிகோடு குறிகள்தான் கொள்ளும். அதற்கு மேல் கத்தரி.

வெட்டுப்பட்டதால் ரேங்க் விழாது. தமிழ் முகவரியைக் கூகுள் நன்றாகவே படிக்கிறது. தொல்லை வேறு இடத்தில். போட்டித் தேர்வுத் தளத்திலும் செய்தித் தளத்திலும் தலைப்புகள் ஒரே சொற்களில் தொடங்கும். அடுத்த பதிவின் ஸ்லக் 'பணியாள-2' ஆகும், அதற்கடுத்தது 'பணியாள-3'. எந்த முகவரி எந்தப் பதிவு என்று உங்களுக்கே தெரியாது. உள்ளிணைப்புக் கொடுக்கும்போது தப்பான எண்ணைக் கொடுப்பீர்கள். வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ ஒட்டும்போது நீண்ட சதவீதச் சரமாக விரிந்து, எங்காவது வரி உடைந்தால் இணைப்பு 404க்குப் போகும்.

செய்ய வேண்டியது: வெளியிடும் முன் ஸ்லக் பெட்டியில் இரண்டு மூன்று சொற்களைக் கையால் எழுதுங்கள். 'குரூப்-4-பாடத்திட்டம்' தாராளமாகக் கொள்ளும். அல்லது ஆங்கில எழுத்தில் சுருக்கமாக எழுதுங்கள். இரண்டில் எது மேல் என்று சண்டை போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். பகிர்வு அதிகமுள்ள தளத்துக்கு ஆங்கில எழுத்து வசதி, அவ்வளவுதான். டேட்டாபேஸில் பத்தியின் நீளத்தைக் கூட்டச் சொல்லும் ஆலோசனைகளைச் செய்யாதீர்கள். 200 என்ற வரம்பு வேர்ட்பிரஸின் நிரலுக்குள்ளும் எழுதப்பட்டிருக்கிறது. அடுத்த அப்டேட்டில் எது எங்கே உடையும் என்று சொல்ல முடியாது.

பழைய பதிவுகளின் ஸ்லக்கை அழகுக்காக மாற்றாதீர்கள். மாற்றியே ஆகவேண்டும் என்றால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். வெளியான 'போஸ்ட்' என்றால் வேர்ட்பிரஸ் பழைய ஸ்லக்கை நினைவில் வைத்துப் புதியதற்குத் தானே 301 (நிரந்தரத் திருப்பல்) அனுப்பும். 'பேஜ்' என்றால் அனுப்பாது. பக்கங்களுக்கு ரீடைரக்ஷன் பிளகினில் நீங்களே விதி எழுத வேண்டும்.

அறிகுறி: ஹோஸ்டிங் அல்லது முகவரி அமைப்பு மாற்றிய பிறகு டிராஃபிக் சரிந்தது

முகப்பு திறக்கிறது, மற்ற எல்லாம் 404. இது எஸ்இஓ பிரச்சினையே இல்லை. செட்டிங்ஸில் பெர்மாலிங்க்ஸைத் திறந்து, எதையும் மாற்றாமல் சேவ் அழுத்துங்கள். அபாச்சி சர்வரில் எச்டிஅக்சஸ் விதிகள் மறுபடி எழுதப்படும். என்ஜின்எக்ஸ் என்றால் இது போதாது. சர்வர் அமைப்பில் ட்ரை-ஃபைல்ஸ் வரி இருக்கிறதா என்று ஹோஸ்டிங்காரரைக் கேளுங்கள். படங்கள் மட்டும் 404 என்றால் தமிழில் பெயரிட்ட படக் கோப்புகளைப் பாருங்கள். ஜிப் செய்து பிரிக்கும்போது அந்தப் பெயர்கள் சிதைவதுண்டு.

முகவரியிலிருந்து தேதியை எடுத்துவிட்டு வெறும் பதிவுப் பெயருக்கு மாறியவர்கள், எல்லாப் பழைய முகவரிகளும் நேராகப் புதியதற்கு 301இல் போகின்றனவா என்று ஒரு பத்து முகவரியையாவது கையால் சோதிக்க வேண்டும். எச்டிடிபியிலிருந்து எச்டிடிபிஎஸ், அங்கிருந்து டபிள்யூடபிள்யூடபிள்யூ, அங்கிருந்து புதுப் பெயர் என்று மூன்று தாவல் இருந்தால் ஒன்றாகக் குறையுங்கள். கூகுள்பாட் 10 தாவல்வரை பின்தொடரும். அதற்காக வாசகரைக் காக்கவைக்க வேண்டுமா? எல்லாப் பழைய முகவரிகளையும் முகப்புக்கே திருப்பிவிடுவது சோம்பேறி வழி. கூகுள் அதை சாஃப்ட் 404 (இல்லாத பக்கம்) என்றே எடுத்துக்கொள்ளும். ரீடைரக்டைக் குறைந்தது ஒரு வருடம் வைத்திருங்கள். எடுக்காமலே விட்டால் இன்னும் நல்லது.

டேட்டாபேஸில் பழைய டொமைனைப் புதியதாக மாற்றும்போது வெறும் எஸ்க்யூஎல் ரீப்ளேஸ் ஓட்டாதீர்கள். விட்ஜெட், பேஜ் பில்டர் தரவுகளில் ஒவ்வொரு சரத்தின் நீளமும் எண்ணாக எழுதப்பட்டிருக்கும்; நீளம் மாறினால் தரவு படிக்க முடியாமல் போகும். வேர்ட்பிரஸைக் கட்டளைகளால் இயக்கும் டபிள்யூபி-சிஎல்ஐயின் சர்ச்-ரீப்ளேஸ் கட்டளை இதைப் பார்த்துக்கொள்ளும். பதிவின் மாறாத அடையாளமான ஜியூஐடி பத்தியை விலக்கி ஓட்டுங்கள், முதலில் எதையும் மாற்றாத ஒத்திகையான ட்ரை-ரன்.

அறிகுறி: வெறும் படம் மட்டும் உள்ள பக்கங்கள் கூகுளில் வருகின்றன

ஏற்றிய ஒவ்வொரு படத்துக்கும் வேர்ட்பிரஸ் ஒரு அட்டாச்மெண்ட் பக்கம் உருவாக்கி வந்தது. 2023 நவம்பரில் வந்த 6.4 பதிப்பில் இதை நிறுத்தினார்கள், ஆனால் புதிதாக நிறுவும் தளங்களுக்கு மட்டும். அப்டேட் ஆன பழைய தளங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். எஸ்இஓ பிளகினில் 'மீடியா பேஜஸ்' அமைப்பில் கோப்புக்கே ரீடைரக்ட் செய்யும் தேர்வைப் போடுங்கள். தீர்ந்தது.

அறிகுறி: தேடல் முடிவில் உங்கள் டொமைனுக்குக் கீழே ஜப்பானிய எழுத்து, மாத்திரை விளம்பரம்

தளம் ஹேக் ஆகியிருக்கிறது. உலாவியில் திறந்தால் சுத்தமாகத் தெரியும். கூகுள்பாட் கேட்டால் மட்டும் வேறு பக்கம் கொடுக்கும்படி எழுதியிருப்பார்கள். எனவே 'நான் பார்த்தேன், ஒன்றுமில்லை' என்பது சோதனை ஆகாது. அந்த முகவரியை யூஆர்எல் இன்ஸ்பெக்ஷனில் போட்டு, லைவ் டெஸ்டில் கிடைக்கும் எச்டிஎம்எல்லைப் படியுங்கள்.

சுத்தம் செய்யும் வரிசை முக்கியம். முதலில் கன்சோலில் 'யூசர்ஸ் அண்ட் பர்மிஷன்ஸ்' பாருங்கள். ஹேக்கர் தன்னையே உரிமையாளராகச் சேர்த்துத் தன் சைட்மேப்பையும் கொடுத்திருப்பது வழக்கம். பெயரை நீக்கினால் மட்டும் போதாது, ரூட்டில் அவர் வைத்த சரிபார்ப்புக் கோப்பையும் நீக்க வேண்டும். இல்லையென்றால் திரும்ப உள்ளே வந்துவிடுவார். அடுத்து டபிள்யூபி-சிஎல்ஐயில் கோர் வெரிஃபை-செக்சம்ஸ் ஓட்டுங்கள். மூலக் கோப்புகளில் கைவைத்திருந்தால் பட்டியல் தரும். அப்லோட்ஸ் ஃபோல்டரில் பிஎச்பி கோப்புக்கு வேலையே இல்லை, இருந்தால் சந்தேகப்படுங்கள். எம்யூ-பிளகின்ஸ் ஃபோல்டரை மறக்க வேண்டாம்: அதில் உள்ளவை தாமாகவே ஓடும், வழக்கமான பிளகின் பட்டியலிலிருந்து நிறுத்த முடியாது. எச்டிஅக்சஸ், இண்டெக்ஸ் கோப்பு, டபிள்யூபி-கான்ஃபிக் மூன்றையும் வரிவரியாகப் பாருங்கள். காசு கொடுத்து வாங்கவேண்டிய தீம் ஒன்றை, பூட்டு உடைத்த 'நல்டு' நகல் என்று இலவசமாக இறக்கிப் போட்டிருந்தால் பெரும்பாலும் வாசல் அதுதான்.

கடைசியாக எல்லாக் கடவுச்சொற்களையும், டபிள்யூபி-கான்ஃபிக்கில் உள்ள, உள்நுழைவைக் காக்கும் சால்ட் விசைகளையும் மாற்றுங்கள். சால்ட் மாறினால் உள்ளே இருக்கும் எல்லோரும் வெளியேற்றப்படுவார்கள். குப்பை முகவரிகள் 404 அல்லது 410 (நீக்கப்பட்டது) கொடுக்கட்டும். ரோபாட்ஸில் தடுக்காதீர்கள், போய்விட்டது என்பதைக் கூகுள் பார்த்தால்தான் நீக்கும். கன்சோலின் ரிமூவல்ஸ் கருவி சுமார் ஆறு மாதம் மறைத்துவைக்கும், அவ்வளவே.

அறிகுறி: எல்லாம் இண்டெக்ஸில் இருக்கிறது, கிளிக் மட்டும் விழுந்தது

பெர்ஃபார்மன்ஸ் அறிக்கையில் இரண்டு காலங்களை ஒப்பிடுங்கள். 16 மாதத் தரவு இருக்கும். எனவே சென்ற மாதத்தோடு ஒப்பிடுவதைவிடச் சென்ற வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடுவது சரி. பொங்கல் கோலம் பற்றிய பதிவு பிப்ரவரியில் விழுவது நோயல்ல.

இம்ப்ரெஷனும் (முடிவில் தெரிந்த எண்ணிக்கை) இடமும் அப்படியே, கிளிக் மட்டும் குறைந்ததா? முடிவுப் பக்கத்தின் தோற்றம் மாறியிருக்கும். பக்கத்தில் கேள்வி-பதில் இருப்பதைச் சொல்லும் ஸ்கீமா குறியீட்டால் வந்த கூடுதல் வரிகளை 2023 ஆகஸ்டில் கூகுள் அரசு, மருத்துவத் தளங்கள் சிலவற்றுக்கு மட்டும் சுருக்கிக்கொண்டது. அதைத் திரும்ப வரவைக்கப் பிளகின் வாங்காதீர்கள். தலைப்பைக் கூகுள் தானே மாற்றிக் காட்டுகிறது என்றால் பக்கத்துக்குள் தெரியும் முதன்மைத் தலைப்பான எச்1ஐயும் டைட்டில் டேகையும் ஒப்பிடுங்கள். எல்லாப் பக்கத்திலும் ஒரே தளப் பெயரும் கீவேர்டும் ஒட்டியிருந்தால் வெட்டத்தான் செய்யும்.

இடம் விழுந்ததா? எந்தப் பக்கம், எந்தச் சொல் என்று பிரியுங்கள். ஒரே பொருளில் உங்கள் இரண்டு பதிவுகள் மாறி மாறி வந்தால், வலுவானதில் மற்றதைச் சேர்த்து 301 போடுங்கள். மொத்தத் தளமும் ஒரே நாளில் இறங்கியிருந்தால் கூகுளின் சர்ச் ஸ்டேட்டஸ் பலகையில், தேடல் முறையில் கூகுள் செய்யும் பெரிய மாற்றமான கோர் அப்டேட் ஓடிய நாட்களைப் பாருங்கள். கூடவே கன்சோலில் மேனுவல் ஆக்ஷன்ஸ் (கூகுள் ஆட்கள் போட்ட தண்டனை). அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது தளத்தைக் கலைக்காதீர்கள். முடிந்து ஒரு வாரமாவது கழித்துத் தரவை எடுத்தால்தான் எது விழுந்தது என்று தெரியும்.

அறிகுறி: கோர் வெப் வைட்டல்ஸில் சிவப்பு

எல்சிபி (பெரிய பகுதி தெரியும் நேரம்) 2.5 நொடி, ஐஎன்பி (தொட்டால் பதில் வரும் நேரம்) 200 மில்லிநொடி, சிஎல்எஸ் (பக்கம் குதிக்கும் அளவு) 0.1. இவைதான் எல்லைகள். வேர்ட்பிரஸில் எல்சிபி கெடுவதற்கு அடிக்கடி காரணம், மேலே தெரியும் பெரிய படத்துக்கும் லேசி லோடு (தாமதமாக ஏற்றுவது) போட்டிருப்பது. வேர்ட்பிரஸ் 5.9இலிருந்து முதல் படத்தை விலக்கவும், 6.3இலிருந்து அதற்கு முன்னுரிமை கொடுக்கவும் தானே முயல்கிறது. படத்தைத் தன் வழியில் ஏற்றும் ஸ்லைடரும் தனி லேசி லோடு பிளகினும் இதைக் குலைக்கும். பிளகினின் விலக்குப் பட்டியலில் அந்தப் படத்தைச் சேருங்கள். தமிழ் எழுத்துரு ஏறும்போது வரிகள் குதித்தால் எழுத்துருவைச் சொந்த சர்வரிலேயே வைத்து, முன்கூட்டியே ஏற்றும் ப்ரீலோட் கொடுங்கள்.

கன்சோலின் இந்த அறிக்கை உண்மையான வாசகர்களின் 28 நாள் தரவு. இன்று சரிசெய்தால் நாளை பச்சை வராது. அதற்குள் இன்னொரு வேகப் பிளகினை ஏற்றி எது வேலை செய்தது என்றே தெரியாமல் ஆக்கிக்கொள்ள வேண்டாம்.

அறிகுறி: பழைய பதிவுகள் இண்டெக்ஸில் உண்டு, தமிழில் தேடினால் மட்டும் வருவதில்லை

பதிவின் ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து வந்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது. கண்ணுக்குத் தமிழ், கூகுளுக்கு அர்த்தமில்லாத ஆங்கிலம். யூனிகோடு மாற்றியில் போட்டு மாற்றி, அதே முகவரியிலேயே திரும்ப ஏற்றுங்கள். ஒட்டியதில் வெறும் கேள்விக்குறிகள் வந்தால் நிலைமை வேறு: டேட்டாபேஸை மாற்றும்போது எழுத்துகள் அழிந்துவிட்டன, எந்த மாற்றியும் மீட்காது. பழைய பேக்கப்பை எடுத்து, எழுத்துமுறை யுடிஎஃப்8எம்பி4 என்று குறிப்பிட்டு மறுபடி இறக்க வேண்டும்.